மருந்தோடு மனத்துணையும் வேண்டும்

“அவருக்குத் தெரிய வேண்டாம், டாக்டர்.” புற்றுநோய்ப் பிரிவுகளில் அன்றாடம் கேட்கும் வேண்டுகோள் இது. நோயாளியோ, கீமோ ஏற்றும் அறையில் பக்கத்துப் படுக்கையைப் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறார். வீட்டாரை வருத்தக் கூடாதென்று வாய் திறப்பதில்லை. ஸ்கேன் உறையும் கையுமாக அலையும் மனைவியிடம், சாப்பிட்டீர்களா என்று கேட்கவும் ஆளில்லை.

இவர்களுக்குத் துணை நிற்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் உருவான அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் உளவியல் ஆலோசனைக்கென்றே தனித் துறை இயங்குகிறது. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வலி தணிப்புச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுசெல்கிறது. கட்டணமில்லா 14416 எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம். நல்ல முயற்சிகள்தான். ஆனால், நோயாளி கேட்டு வரும்வரை ஆலோசனை காத்திருக்கக் கூடாது.

முடி கொட்டுமா, பிள்ளைகளுக்குத் தொற்றுமா, வேலைக்குத் திரும்ப முடியுமா என்ற கேள்விகளுக்குப் பதில் கிடைக்காத அச்சத்தில் சிகிச்சையைப் பாதியில் விடுவோர் உண்டு. புற்றுநோய் சிகிச்சை தரும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற ஆலோசகர்களை நியமிக்க வேண்டும். நோய் உறுதியானதுமே நோயாளியையும் குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுவது சிகிச்சையின் கட்டாய அங்கமாக வேண்டும். அதற்கான பணியிடங்களையும் நிதியையும் அரசு தாமதமின்றி ஒதுக்கட்டும்.