ஒட்டுமா, ஒட்டாதா?



ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலக் கூட்டமெல்லாம் ஊருக்குத் திரும்பி, செங்கம் ரோடு கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ரமணாசிரமம் பக்கத்தில் பூ வாங்கிக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. எங்கள் திருவண்ணாமலையில் இது ஒன்றும் அதிசயமில்லை. வேட்டி கட்டின வெள்ளைக்காரரைப் பார்த்துத் திரும்பிப் பார்க்கிறவர்கள் இங்கே யாரும் இல்லை. ஆனால் அவர்களோடு நின்ற இரண்டு பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பத்தான் செய்தேன். நம் நிறம், நம் முகம். பெண்ணுக்குப் 17 வயது இருக்கலாம், பையனுக்குப் 14. பேசின பாஷை மட்டும் புரியவில்லை.

பூக்காரம்மா சரத்தைக் கையில் வைத்து அளந்தார். அந்தப் பெண் சட்டென்று தன் கையை நீட்டி, விரல் நுனியிலிருந்து முழங்கை வரை காட்டி, "முழம்" என்றாள். சொல்லிவிட்டு அவளே திகைத்துப் போனாள். அவளுடைய அம்மாவும் திகைத்துப் போனார்.

அப்புறம்தான் பேச்சு வளர்ந்தது. அவர்கள் இத்தாலிக்காரர்கள். அந்த அம்மாளின் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒரே தராசுதான். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கிற மகள்தான் நடுவில் நின்று எங்களுக்குக் கை கொடுத்தாள். அக்காளும் தம்பியும் தமிழ்நாட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருந்தவர்கள். அவளுக்கு 8, அவனுக்கு 5 வயதாக இருக்கும்போது இவர்கள் விமானம் ஏறி வந்து, கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இப்போது பிறந்த நாட்டைக் காட்ட அழைத்து வந்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

என் தம்பிக்கு வயது 44, அவன் மனைவிக்கு 42. குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, சுற்றாத அரசமரம் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் என்னிடம் வந்து, "அண்ணி, ஒரு பிள்ளையைத் தத்து எடுத்துக்கலாம்னு இருக்கோம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையா இருந்தாலும் பரவாயில்லை" என்றாள். நான்தான் பெரிய மனுஷி மாதிரி, "பச்சைக் குழந்தைன்னாத்தான் ஒட்டும். வளர்ந்த பிள்ளை எந்த நாளும் ஒட்டாது. பொறு, பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். பொறுத்தார்கள். பொறுத்ததில் வயதுதான் ஏறியது.

வயது ஏறினால் என்ன என்று கேட்பீர்கள். இதில் கணக்கு இருக்கிறது, சகோதரிகளே. நம் நாட்டில் தத்து விவகாரங்களைப் பார்க்கிற மத்திய அமைப்புக்குக் 'காரா' என்று பெயர். 2022ஆம் வருஷத்து விதிகளின்படி, 2 வயது வரையுள்ள குழந்தை வேண்டுமானால் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85க்கு மேல் போகக்கூடாது. 2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு 90. 4 முதல் 8 வரை 100. 8 முதல் 18 வரை 110. பெற்றோருக்கும் குழந்தைக்கும் நடுவே 25 வருஷமாவது வித்தியாசம் இருக்க வேண்டும். என் தம்பி, தம்பி மனைவி வயதைக் கூட்டிப் பாருங்கள்: 86! ஒரே ஒரு வருஷத்தில் பச்சைக் குழந்தை கைநழுவிப் போயிற்று. அதற்கு நான் சொன்ன யோசனையும் ஒரு காரணம்.

அதே சமயம், இல்லங்களில் வளர்ந்த குழந்தைகள் காத்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்குப் பெயர் கொடுத்தவர்கள் வருஷக்கணக்கில் வரிசையில் நிற்க, 7 வயதுப் பெண்ணையும் 9 வயதுப் பையனையும் கேட்க ஆள் குறைவு. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. தத்துக்குரிய குழந்தை என்று அறிவித்த பிறகு 60 நாட்கள் நம் நாட்டுப் பெற்றோருக்கும் வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கும் முதல் வாய்ப்பு. அதற்குள் யாரும் அமையாவிட்டால்தான் வெளிநாட்டாருக்கு. அப்படிக் கொடுக்கும்போது உடல், மன ஊனமுள்ள குழந்தைகள், கூடப்பிறந்தவர்களோடு இருப்பவர்கள், 5 வயதைத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை தரலாம் என்று எழுதியிருக்கிறது. அதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. இந்தப் பிள்ளைகளை நாம் கேட்கமாட்டோம் என்று சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது, பாருங்கள்!

இத்தாலிக்கார அம்மாளிடம், "ஒட்டினார்களா?" என்று மட்டும் கேட்டேன். அவர் சிரித்தார். "எங்களுக்கும் ஒட்ட நாளாயிற்று" என்றார்.

முதல் நாள் ஓட்டல் அறையில் பையன் தலையணைக்கு அடியில் சப்பாத்தியை ஒளித்து வைத்திருந்தானாம். அக்காள் தம்பியின் சட்டையைப் பிடித்த கையை விடவேயில்லை. ராத்திரி மூன்று தரம் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தாளாம். ஊருக்குப் போன பிறகு ஒரு வருஷம் வரை இவரை அம்மா என்று அழைக்கவில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிட்டாள். இவரும் கேட்டுக்கொண்டதில்லை. ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தபோது, எவளோ ஒருத்தி பென்சிலைப் பிடுங்க, "இரு, எங்கம்மாகிட்டே சொல்றேன்" என்று இவள் கத்தியது காதில் விழுந்ததாம். "அன்றைக்குக் காரை நேராக ஓட்ட முடியவில்லை" என்றார் அந்த அம்மாள். மகள் இதை எனக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்போதே வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

நான் இந்த ஊரிலேயே இருந்துகொண்டு 'ஒட்டாது' என்று சொன்னேனே, அதுதான் பெரிய பிழை. எங்கள் அண்ணாமலையார் கோயில் கோபுரங்களில் ஒன்றுக்கு வல்லாள மகாராஜா பெயர். அந்த ராஜாவுக்குப் பிள்ளையில்லை. அண்ணாமலையாரே அவருக்குப் பிள்ளையாக வந்தார் என்பது தலவரலாறு. இன்றைக்கும் மாசி மாதத்தில் சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, அந்த ராஜாவுக்கு மகன் ஸ்தானத்தில் திதி கொடுக்கிறார். வருஷா வருஷம் போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறோம். வீட்டுக்கு வந்து, பெறாத பிள்ளை ஒட்டாது என்கிறோம்!

ஆனால் ஒன்று, வளர்ந்த பிள்ளை வெறும் சிலேட்டாக வருவதில்லை. அதற்கு ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு ருசி, ஒரு பயம் எல்லாம் இருக்கிறது. அதை அழிக்கப் பார்த்தால்தான் ஒட்டாது. மத்தியப் பிரதேசத்தில் காண்ட்வா ஊர்ச் சிறுவன் சரூவின் கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். 5 வயதில், 1986இல், ரயிலில் தூங்கிப்போய்க் கல்கத்தாவில் தொலைந்தவன். ஒரு இல்லத்தின் மூலமாக 1987இல் ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாவுக்குப் போனான். வளர்த்த தாய் சூ பிரையர்லி செய்த காரியம் என்ன தெரியுமா? அவன் படுக்கையறைச் சுவரில் இந்தியப் படத்தை மாட்டினார். பெரியவனான பிறகு, நினைவில் இருந்த ரயில் நிலையத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் வைத்து, கம்ப்யூட்டரில் ஆகாயப் படங்களைத் தேடி 2011இல் தன் ஊரைக் கண்டுபிடித்தான். 2012இல் பெற்ற தாயைப் போய்ப் பார்த்தான். அதனால் வளர்த்த தாயை விட்டுவிடவில்லை. இரண்டு தாயும் அவனுக்கு உண்டு. அந்தக் கதைதான் 2016இல் 'லயன்' என்ற சினிமாவாக வந்தது.

வளர்ந்த பிள்ளையை அழைத்து வர நினைக்கும் சகோதரிகளுக்கு, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட சில யோசனைகள்:

1. பெயரை மாற்றாதீர்கள். ஜோசியர் எழுத்து சொன்னாலும் சரி. அந்தக் குழந்தை தன்னோடு கொண்டுவருகிற சொத்து அது ஒன்றுதான். ஆசையாக ஒரு செல்லப்பெயர் வைத்தால் போதும்.

2. சாப்பாட்டை ஒளித்து வைத்தால் திட்டாதீர்கள். எட்டுகிற இடத்தில் ஒரு டப்பாவில் பொரி, கடலை, வாழைப்பழம் வைத்து, "இது உன்னுடையது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கோ" என்று சொல்லுங்கள். தீராது என்ற நம்பிக்கை வந்தால் ஒளிப்பது தானாக நின்றுவிடும். மெலிந்திருக்கிறதே என்று முதல் வாரமே நெய்யும் முட்டையுமாகத் திணிக்க வேண்டாம், வயிறு கெடும்.

3. முதல் மாதமே குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தசோகை, பூச்சி, பல், காது, கண் எல்லாம் பார்க்க வேண்டும். விட்டுப்போன தடுப்பூசிகளை எந்த வயதில் எப்படிப் போடுவது என்று அவர் சொல்வார். இல்லத்துக் காகிதத்தில் இருக்கும் வயது சில சமயம் உத்தேசமானது என்பதும் நினைவிருக்கட்டும்.

4. பெண்குழந்தையானால் இதைக் கவனியுங்கள். இந்தியாவிலிருந்து ஸ்வீடனுக்குத் தத்துப் போன பெண்களை அங்குள்ள டாக்டர்கள் ஆராய்ந்து 1991இல் எழுதினார்கள்: பலர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வயதுக்கு வந்திருந்தார்கள். போஷாக்கில்லாமல் இருந்த உடம்பு திடீரென்று வளர்வது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். 8 வயதுக்கு முன் அடையாளங்கள் தெரிந்தால் டாக்டரைக் கேளுங்கள். குழந்தையிடமும் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவையுங்கள்.

5. படுக்கையை நனைப்பது, பொய் சொல்வது, காரணமில்லாமல் கோபப்படுவது - இவையெல்லாம் இருக்கும். "உன்னை எடுத்து வளர்த்தேனே" என்ற சொல் மட்டும் வாயில் வரக்கூடாது. பெற்ற பிள்ளையிடம் நன்றி கேட்கிறோமா?

6. கைக்குழந்தையாக எடுத்தவர்களும் உண்மையை மறைக்காதீர்கள். 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில் பிறந்தநாளன்று திடீரென்று சொல்லப்போய் அந்தச் சிறுமி எப்படி உடைந்து போகிறாள்! கதை சொல்வதுபோல் சின்ன வயதிலிருந்தே சொல்லிவருவது நல்லது.

இனி, மிக முக்கியமான ஒன்று. எந்த ஆயாம்மாவும், எந்தத் தரகரும், "காதும் காதும் வைத்தாற்போல் முடித்துத் தருகிறேன்" என்று சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கடத்தப்பட்ட குழந்தைகள் ஒரு விடுதிக்கு விற்கப்பட்டு வெளிநாட்டுக்குத் தத்துப் போன கொடுமை 2005இல் சென்னையில் வெளியாயிற்று. இலங்கை உள்பட ஐந்து நாடுகளிலிருந்து குழந்தைகள் வந்த வழியை விசாரித்து, முறைகேடுகளைக் கண்ட பிறகு 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது. நம் நாட்டில் லக்ஷ்மிகாந்த் பாண்டே என்ற வக்கீல் 1982இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு எழுதிய கடிதமே வழக்காகி, 1984இல் தீர்ப்பு வந்தது. வெளிநாட்டுத் தத்துக்கு ஒழுங்குமுறை பிறந்தது அதிலிருந்துதான். காகிதம் ஜாஸ்தி என்று அலுத்துக்கொள்கிறோமே, ஒவ்வொரு காகிதத்துக்குப் பின்னாலும் எங்கோ ஒரு தாயின் கண்ணீர் இருக்கிறது. குழந்தையைப் பணத்துக்கு வாங்கினால் வாங்கியவருக்கும் 5 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் அபராதம்.

முறையான வழி இதுதான். காராவின் இணையதளத்தில் பதிய வேண்டும். தெரியாதவர்களுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உதவுவார்கள். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். குழந்தையின் வயதுக்கும் புரிதலுக்கும் ஏற்ப அதன் விருப்பத்தையும் கேட்பார்கள். முன்பு கோர்ட் கொடுத்த உத்தரவை 2022 செப்டம்பர் முதல் கலெக்டர் கொடுக்கிறார். பிறகும் இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து பார்ப்பார்கள். இந்தச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் பொது; சொத்திலும் பெற்ற பிள்ளைக்குள்ள உரிமை உண்டு.

அன்றைக்குப் பூவோடு வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவிக்குப் போன் செய்தேன். "அம்மாடி, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "நீங்க ஒரு வார்த்தை சொல்லமாட்டீங்களான்னுதான் அண்ணி இருந்தோம்" என்றாள்.

போன மாதம் பதிந்துவிட்டார்கள். 4 முதல் 8 வயது வரை என்று எழுதியிருக்கிறார்கள். அக்காள் தங்கையாக இருந்தாலும் சம்மதம் என்று தம்பி சொல்கிறான். இன்னும் அழைப்பு வரவில்லை. அவள் இப்போதே கீழ்த்தட்டில் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், பொரியும் கடலையும் போட.