மறதிக்குச் சிறையா மருந்து?

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் 'ஐஸ்' என்ற சொல் இன்று மீனைக் காக்கும் பனிக்கட்டியை மட்டும் குறிப்பதில்லை. மெதம்பெற்றமீன் என்னும் பளிங்குருப் போதைப்பொருளும் அப்பெயராலேயே வழங்குகின்றது. முன்னையது மீனைக் கெடாது காக்கும். பின்னையது மனிதனின் நினைவைக் கெடுக்கும்.

இப்பொருள் புதியதன்று. 1893 இல் யப்பானிய இரசாயனவியலாளர் நாகாய் நாகயோசி இதனை முதன்முதலாக ஆக்கினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜேர்மனியில் 'பேர்விற்றின்' என்றும் யப்பானில் 'பிலோப்பொன்' என்றும் உறக்கத்தை விரட்டும் மருந்தாக இது பயன்பட்டது. போரின் பின் அடிமைப்பட்டோர் பெருகவே, 1951 இல் யப்பான் இதற்கெதிராகத் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. இவ்வரலாறு கண்முன்னே இருக்கவும், இரவு விழித்துப் படிக்க உதவும், களைப்பின்றி உழைக்க உதவும் என்ற பொய் இளைஞர் செவியில் இன்னும் ஓதப்படுகின்றது.

அவ்விழிப்பு கடன்பட்ட விழிப்பேயாகும். இப்பொருள் மூளையின் டொப்பமீனை அளவிறந்து வெளியேற்றுகின்றது. நாளடைவில் அதனை மீளக் கவரும் காவிகள் குறைகின்றன. இக்குறைவுடையோரிடத்து உடலியக்கம் மந்தமாவதையும் நினைவாற்றல் குன்றுவதையும் நோரா வொல்கோ குழுவினர் 2001 இல் எடுத்துக்காட்டினர். நினைவுக்கு இன்றியமையாத 'கிப்போகம்பசு' என்னும் பகுதி, அடிமைப்பட்டோரிடம் ஏறத்தாழ 8 சதவீதம் சிறுத்திருப்பதை 2004 இல் வெளியான மற்றோர் ஆய்வு கண்டது. படித்தவை மனத்திற் பதிவதற்கு உறக்கமும் வேண்டும். எனவே, படிப்பதற்கென இதனை நாடுபவன் படித்ததை வைக்கும் பெட்டகத்தையே உடைக்கின்றான்.

இனி, இதற்குச் சமூகம் கண்ட மருந்து யாது? 2022 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 5 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட மெதம்பெற்றமீனை வைத்திருப்போருக்கும் மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை விதிக்கின்றது. தண்டனைக்கு அஞ்சுவதற்கு நாளையை எண்ணும் அறிவு வேண்டும். அவ்வறிவையே தாக்கும் நோயை அச்சத்தால் மாற்றலாம் என்பது எவ்வகை நியாயம்? அடைத்துவைத்தலின் பயனையும் நாடு கண்டது. 2022 யூன் மாதம் பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் உயிரிழக்க, நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினர்.

"அவன் இனித் தேறான்" என்போரும் உளர். அதுவும் பிழையே. ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தோரிடம் டொப்பமீன் காவிகள் பெருகியதை வொல்கோ குழுவினரின் பிறிதோர் ஆய்வு காட்டிற்று. நினைவாற்றலோ அவ்வளவுக்கு மீளவில்லை. மீட்சி உண்டு, அதற்குக் காலம் வேண்டும் என்பதே இதன் பொருள். இந்நோய்க்கெனத் தனிமருந்து இன்றுவரை ஏற்கப்படவில்லை. பயன்தருவன உளவளத்துணையும் நடத்தைச் சிகிச்சையுமே. சிகிச்சைக்குரிய நாளையே மறப்பவனை நகர வைத்தியசாலைக்கு வருமாறு பணித்துக் காத்திருத்தல் பேதைமை. வாகரை முதல் களுவாஞ்சிகுடி வரை சிகிச்சையே அவனைத் தேடிச் செல்லல் வேண்டும்.

விற்பவனைச் சட்டம் ஒறுக்கட்டும். நோயாளியை வைத்தியர் கையில் ஒப்படைக்காத சமூகம், அவன் மறந்ததைவிடப் பெரியதொன்றை மறந்த சமூகமாகும்.