நடுவே ஒரு கதவு

யாங்கூனில் அனவரதா சாலையை ஒட்டிய பழைய அடுக்கு வீடுகள் பல, வாசல் முதல் பின்கட்டு வரை நீண்ட ஒரே கூடம்தான். அதில் இரண்டு பூனைகள் முறைத்துக்கொண்டால் ஒதுங்க இடமேது? பதறிப்போய் இரண்டையும் தூக்கி எதிரெதிரே உட்காரவைத்து ராசியாக்கப் பார்ப்பவர்களே அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பூனைக்குச் சமாதானப் பேச்சு புரியாது, இடைவெளி புரியும். 1930இல் பர்மாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன வோங் மா என்ற பெண்பூனையின் வழிவந்த பர்மியப் பூனைகள் கூடிப் பழகுபவை என்று பெயரெடுத்தவை. பெயரை நம்பி இரண்டையும் உடனே ஒன்றாக விட்டுவிட முடியாது. கூடத்தின் நடுவே ஒரு தட்டிக் கதவு வைத்துச் சில நாள் பிரித்து வையுங்கள். ஒன்று படுத்த துணியை மற்றதன் பக்கம் போட்டு வாசனையைப் பழக்குங்கள். மூடிய கதவின் இருபுறமும் மீன்சோறு வையுங்கள். இரண்டு பூனைக்குக் கழிவுக்கென மூன்று மண்தட்டு, ஏறி உட்கார அலமாரி உச்சி. கருத்தடையும் சண்டையைக் குறைக்கும். பலர் கவனிக்காதது பால்கனி. கீழே தெருப்பூனை நடமாடினால், அதை எட்ட முடியாத ஆத்திரத்தில் உள்ளே இருப்பது பக்கத்துப் பூனையைப் பிறாண்டும். நேற்றுவரை ஒன்றாகத் தூங்கியவை இன்று பகையாவதன் காரணம் பல நேரம் இதுதான். பால்கனிக் கம்பியின் கீழ்ப்பாதியைத் துணியால் மறைத்தால் போதும். சண்டைக்கு நடுவே மட்டும் கையை விடாதீர்கள். அட்டையோ தலையணையோ குறுக்கே வையுங்கள். கடிபட்டால் வெறிநாய்க்கடி நோய் உள்ள இந்த நாட்டில் கழுவிவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.