காபிச் சக்கையும் கட்டிங் வேஸ்ட்டும்

வெளியூரில் 'வேஸ்ட்' என்றால் வீணாய்ப் போனது. திருப்பூரில் அது ஒரு வியாபாரம். கட்டிங் மேஜையில் மிஞ்சும் பனியன் துணித் துண்டுகளை எந்தக் கம்பெனிக்காரரும் சும்மா தெருவில் கொட்ட மாட்டார். வெள்ளை தனி, கலர் தனி என்று மூட்டை கட்டி எடை போட்டு விற்பார். வேஸ்ட் குடோனில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சிவப்பு, நீலம், கறுப்பு என்று மறுபடியும் பிரிப்பார்கள். அப்படிப் பிரித்ததைப் பஞ்சாக்கி ஓ.இ. மில்லில் நூற்றால், புதிதாகச் சாயம் ஏற்றாமலே அந்தந்த நிறத்தில் நூல் கிடைக்கும். எதற்கும் ஆகாத துண்டுகூட ஒர்க் ஷாப்பில் கிரீஸ் துடைக்கப் போய்விடும்.

இவ்வளவு நேர்த்தியாகப் பிரிக்கத் தெரிந்த ஊரில், வீட்டுச் சமையலறையில் என்ன நடக்கிறது? காபிச் சக்கை, வாழைப்பழத் தோல், பால் கவர், தீர்ந்துபோன பேட்டரி எல்லாம் ஒரே பையில் போய், வாய் முடிச்சும் போட்டாகிவிடுகிறது. கம்பெனியில் சரக்காக இருக்கும் மிச்சம் வீட்டில் குப்பையாகிவிடுவதற்குக் காரணம் அது கெட்ட பொருள் என்பதல்ல, கலந்துவிடுகிறோம் என்பதுதான். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். குப்பைத் தொட்டிக்குப் பிரெஞ்சில் 'பூபெல்' என்று பெயர். அது ஓர் அதிகாரியின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. பாரீஸ் நகரத்தை நிர்வகித்த எழேன் பூபெல் 1883-ல் ஓர் உத்தரவு போட்டார். வீட்டுக்கு வீடு மூடி போட்ட தொட்டி வைக்க வேண்டும். அதுவும் மூன்று: அழுகுவதற்கு ஒன்று, காகிதத்துக்கும் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகளுக்கு ஒன்று. வீட்டுக்காரர்கள் செலவு என்று முணுமுணுத்தார்கள். குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் வயிற்றில் அடிக்கிறார் என்று எதிர்த்தார்கள். தொட்டி நிலைத்தது, அதிகாரியின் பெயரும் அதற்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் பிரித்து வைப்பது மட்டும் நிலைக்கவில்லை. வீட்டில் மக்கும் கழிவைத் தனியே பிரிக்க வேண்டும் என்ற சட்டம் பிரான்சில் 2024 ஜனவரி 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. கணக்குப் போட்டால் 140 வருஷம்.

நம் நாட்டிலும் 2016-ல் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று அதிலும் எழுதியிருந்தது. உத்தரவுகளோடு வாழ்நாளைக் கழித்த எழுத்தன் சொல்கிறேன், ஃபைலில் இருப்பது தானாக வாளிக்கு வந்துவிடாது.

இதில் நமக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நம் மாநகராட்சிக் குப்பை, கல் எடுத்து முடித்த பாறைக்குழிகளில் கொட்டப்பட்டு வந்ததும், பக்கத்து ஊர்க்காரர்கள் அதை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்ததும் எல்லாரும் அறிந்ததே. காற்றுப் படாமல் புதைந்த ஈரக் குப்பையிலிருந்து எரியும் வாயு கிளம்புகிறது. அதில் ஊறி இறங்கும் கறுப்புத் தண்ணீர் பாறை வெடிப்பு வழியாகக் கிணற்றைத் தேடிப் போகும். சாயத் தண்ணீரால் நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் இழந்து, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதைப் பார்த்த ஊர் இது. நம் பழத்தோலால் இன்னொருவர் கிணறு கெடுவதை நாமே எப்படிச் சம்மதிப்பது?

இனி காபிச் சக்கைக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் அதை அமுதமாக்கிவிட்டார்கள். அவ்வளவெல்லாம் இல்லை. உலர்ந்த சக்கையில் ஏறக்குறைய 2 சதவீதம் தழைச்சத்து உண்டு. அதுவும் மெதுவாகத்தான் செடிக்குக் கிடைக்கும். அது அமிலம், ரோஜாவுக்கு உகந்தது என்பார்கள். அமிலத்தில் பெரும்பங்கு டிகாஷனோடு இறங்கி நம் வயிற்றுக்குப் போய்விடுகிறது. ஃபில்டரிலிருந்து அப்படியே தொட்டியில் தட்டினால் காய்ந்து அடையாகி, ஊற்றிய தண்ணீரை உள்ளே விடாது. நாற்றுகளுக்குப் பச்சைச் சக்கை ஆகவே ஆகாது, வளர்ச்சி குன்றும்.

அதன் சரியான இடம் மக்குத் தொட்டி. பக்கங்களில் ஓட்டை போட்ட பழைய மண்பானையோ பெயிண்ட் டப்பாவோ போதும். அடியில் காய்ந்த இலை, அதன்மேல் நறுக்கிய காய்கறிக் கழிவும் காபிச் சக்கையும், மறுபடி காய்ந்த இலை. ஈரமானது ஒரு பங்கு என்றால் காய்ந்தது இரண்டு பங்கு. மொத்தத்தில் காபிச் சக்கை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். டீச் சக்கையில் சர்க்கரை இருந்தால் அலசிப் போடுங்கள், எறும்பு வராது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போட வேண்டும். ஊறுகாய், உப்புச் சோறு, எண்ணெய்ப் பலகாரம் கூடாது. நம் போர்வெல் தண்ணீரில் இருக்கிற உப்பே செடிக்குப் போதும். வாரம் ஒரு தரம் கிளறி விடுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இரண்டு கை காய்ந்த இலை போட்டால் சரியாகும். பனியன் துண்டு மட்டும் வேண்டாம். பாலியஸ்டரும் லைக்ராவும் கலந்தது மக்காது. அதற்குத்தான் வேஸ்ட் வியாபாரி இருக்கிறாரே.

"பிரித்துக் கொடுத்தாலும் கடைசியில் ஒன்றாகத்தானே கொட்டப் போகிறார்கள்?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் வீட்டுத் தொட்டியில் மக்குவதற்கு எந்த வண்டியும் வர வேண்டியதில்லை. ஈரம் கலக்காத காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் பழைய பேப்பர்காரரே காசு கொடுத்து எடுத்துக்கொள்வார்.

லைன் வீட்டில் குடியிருந்து காலை எட்டரைக்கு ஷிப்ட் போய் இரவு எட்டரைக்குத் திரும்பும் டெய்லர் பெண்ணிடம் போய் உரம் தயாரியுங்கள் அம்மா என்று நான் சொல்ல மாட்டேன். அவளுக்கு முற்றமும் இல்லை, நேரமும் இல்லை. அவர்களிடம் பிரித்து வாங்கி, பிரித்தபடியே கொண்டுபோவது நிர்வாகத்தின் கடமை. முற்றமும் நேரமும் இருப்பது நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்களிடம்தான். அதனால் முதல் வாளி நம் வீட்டில்தான் வைக்க வேண்டும். அவரவர் தெரு பேக்கரியில் கேட்டால், தினம் கிலோக்கணக்கில் வீசுகிற டீச் சக்கையையும் தந்துவிடுவார்கள்.

தழையையும் சாணத்தையும் எருக்குழியில் போட்டு, கழனித் தண்ணியை மாட்டுக்கு ஊற்றிய தலைமுறையின் பிள்ளைகள் நாம். யாரும் நமக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. சித்திரையில் தொட்டியை வைத்தால் ஆனிக் கடைசியில் உரம் கைக்கு வரும். ஆடிப் பட்டத்து அவரைக்கும் புடலைக்கும் சரியாக இருக்கும்.