மாதர் சங்கத்திடம் கொடுங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. குடிப்பதும் குளிப்பதும் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லில் தேங்கிய நீரில்தான். வெடிப்பும் துளையுமான அந்தக் கல், மலகூடக் குழியின் கசிவை வடிகட்டாமலே கிணற்றுக்கு விட்டுவிடும். இரண்டு பரப்புக் காணிக்குள் வீட்டையும் கிணற்றையும் குழியையும் அடக்கிவிட்ட ஊர்களில், மாரியில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருவதில் வியப்பென்ன?

வயிற்றோட்டம் வந்த பிள்ளையின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது, உடலைவிட்டுப் போகும் நீரும் உப்பும். ஈடுசெய்ய ஜீவனி என்னும் உப்புக்கரைசல் தூள் இருக்கிறது. ஆனால் அதைக் கரைக்கத் தெரிய வேண்டும். ஒரு பைக்கற் தூளுக்கு ஒரு லீற்றர் கொதித்தாறிய நீர். "இவ்வளவையும் பிள்ளை குடிக்குமே?" என்று கண்மதிப்பில் ஒரு கிளாசுக்குள் கொட்டினால் உப்பு மிஞ்சி, மருந்தே வினையாகிவிடும். பல்லு முளைக்குது என்று நாளைக் கடத்துவதும், வயிறு ஓயட்டும் என்று பாலையும் கஞ்சியையும் நிறுத்துவதும் இன்னும் ஒழியவில்லை. இவையெல்லாம் இரவில், குசினியில், அநேகமாக அம்மம்மாவின் சொற்படி நடப்பவை. அங்கே சுவரொட்டி போய்ச் சேராது.

ஆகவே இந்தக் கல்வியை ஊர் மாதர் சங்கங்களிடம் மாகாண சுகாதாரத் திணைக்களம் முறைப்படி ஒப்படைக்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரின் பொறுப்பில் ஏறக்குறைய 3000 பேர். கர்ப்பிணிகளையும் பிறந்த குழந்தைகளையும் பார்த்து முடிப்பதே அவருக்குப் பெரும்பாடு. தவிரவும், சீருடைக்கு முன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அயல்வீட்டுக்காரி சொன்னால்தான் மறுகேள்வி வரும். மாமியும் மருமகளும் ஒரே பாயில் இருந்து கேட்கும் இடம் மாதர் சங்கம்.

பங்களாதேசத்தில் பிராக் நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடுவீடாகப் பெண்களை அனுப்பி, ஏறக்குறைய 1.2 கோடி வீடுகளில் உப்பும் வெல்லமும் கரைக்கக் கற்றுக்கொடுத்தது. அதன் சூட்சுமம் சம்பளத்தில் இருந்தது. எத்தனை வீடு ஏறினாய் என்று கேட்கவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கரைக்கிறாளா என்று பார்த்தார்; அதை வைத்தே கற்பித்தவருக்குக் கூலி. கணவன்மார் நம்பாத வீடுகளில் கரைசல் பயன்படவில்லை என்று கண்டதும் பள்ளிவாசலிலும் சந்தையிலும் ஆண்களைப் பிடித்துப் பேசினார்கள்.

நமது திணைக்களங்கள் எண்ணுவது கூட்டங்களையும் கையொப்பங்களையும். படம் பிடித்துப் பிஸ்கற்றும் தேத்தண்ணியும் கொடுத்தால் விழிப்புணர்வு முடிந்தது! ஒரு மாதத்தின் பின் எந்தத் தாய் சரியாகக் கரைக்கிறாள் என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

பெண்களைச் சம்பளமில்லாத வேலையாட்களாக்கும் திட்டம் என்று சிலர் கண்டிக்கக்கூடும். நியாயமான கண்டிப்பு, படி கொடுத்தே செய்ய வேண்டும். சங்கத்தின் பொறுப்பில் ஜீவனி இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் 2004 முதல் வலியுறுத்தும் சிங்க் மாத்திரை, 10 முதல் 14 நாள் கொடுக்க வேண்டியது, குடும்பநல உத்தியோகத்தர் வழியாக வீட்டுக்கு வரட்டும். மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண், குடிக்க மறுத்துச் சோர்ந்துகிடத்தல், இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலை என்பதைப் பாட்டிமாரும் அறிய வேண்டும்.

இதைக் காட்டிக் கிணற்றையும் மலகூடத்தையும் பிரதேச சபைகள் கைகழுவிவிடக் கூடாது. அது அவர்களின் கடன். கோப்பாயிலோ கரவெட்டியிலோ, ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் அடுத்த மாரிக்கு முன் தொடங்கி, தை மாதத்தில் வீடுகளுக்குப் போய்ச் சோதித்து, முடிவை ஊரறிய வெளியிடுங்கள்.