சாவி யார் கையில்?

குமாரபாளையத்தில் காவிரிப் பாலத்துக்குச் சமீபமாக உள்ள ஒரு காப்பிக் கடை வாயிலில், சென்ற வாரம் ஒரு சம்பாஷணை நம் காதில் விழுந்தது. விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கும் ஒரு கனவான் தம் சிநேகிதரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "பெரிய பொண்ணு ஸ்கூட்டர் வேணும்னு கேக்குதுங்க. பொம்பளைப் புள்ளைங்க ஓட்டுனா எங்கியாச்சும் கொண்டு போயி மோதிப்போடுமுங்க. பையனுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் குடுத்து, அக்காளைக் காலேஜுல விட்டுட்டு வாடான்னு சொல்லிட்டேனுங்க."

பையனுக்கு வயது என்ன என்று சிநேகிதர் விசாரித்தார். "வர்ற தை வந்தா பதினெட்டு!" என்று பெருமையுடன் பதில் வந்தது.

இந்தக் கனவானின் அபிப்பிராயம் நம் வீடுகளில் பல பேருடைய அபிப்பிராயந்தான். ஆகையால் அதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

2022-ஆம் வருஷத்தில் நம் தேசத்துச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 64,105 விபத்துக்கள் நேர்ந்தன. 17,884 உயிர்கள் போயின. தேசம் முழுவதிலும் மாண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். அதாவது, குடும்பத்தைத் தாங்குகிறவர்களும் தாங்க வேண்டியவர்களும். மிகப் பெரும்பாலோர் ஆண்கள்.

"அப்படியானால் பெண்களே நன்றாக ஓட்டுகிறார்கள்" என்று நம் சகோதரிகள் உடனே வெற்றி முரசு கொட்டிவிடக் கூடாது. மாண்டவர்களின் தொகை வேறு, அபாயத்தின் அளவு வேறு. ஓர் ஊரில் 100 ஆண்களும் 10 பெண்களும் வண்டி ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். வருஷத்தில் ஆண்களில் 10 பேருக்கும் பெண்களில் ஒருவருக்கும் விபத்து நேர்ந்தால், பத்துக்கு ஒன்று என்று ஆண்களைப் பழிப்பது நியாயமா? இரு தரப்பிலும் நூற்றுக்குப் பத்துத்தான். மேலும், ஆண்கள் தினம் 30 கிலோமீட்டரும் பெண்கள் 10 கிலோமீட்டரும் ஓட்டுகிறவர்களானால் கணக்கே தலைகீழாகிவிடும். ஓட்டிய தூரத்துக்குப் பார்த்தால் பெண்களின் அபாயமே மும்மடங்கு!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரவெல்லாம் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டும் நாமக்கல் டிரைவரையும், பகலில் இரண்டு தெரு தாண்டிப் பட்டறைக்குப் போகும் பெண்ணையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. பின் ஸீட்டில் உட்கார்ந்து சென்று மாண்ட பெண்ணை, வண்டி ஓட்டியவள் கணக்கில் சேர்ப்பதும் தவறு.

தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் என்ன தெரிகிறது? அமெரிக்காவில் இவ்விதம் வெகு காலமாகக் கணக்கிட்டு வருகிறார்கள். ஓட்டும் மைலுக்கு மைல் பார்த்தாலும், உயிர்ச் சேதம் விளைவிக்கும் விபத்துக்களில் பெண்களைவிட ஆண்களே அதிகம் சிக்குகிறார்கள். 16 முதல் 19 வயதுள்ளோரின் அபாயம், 20 வயதுக்கு மேற்பட்டோருடையதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. தோழர்களை ஏற்றிக்கொண்டால் அது இன்னும் ஏறுகிறது. எழுபதுக்குப் பிறகு அபாயம் மறுபடி உயர்கிறது. அதற்கு ஒரு காரணம், முதிய உடல் அடியைத் தாங்காமையே.

அனுபவக் குறைவு, வேகத்தில் மோகம், மதுபானம், இரவுப் பயணம் ஆகியவையே இந்த வித்தியாசத்துக்குப் பெரிதும் காரணங்கள். எந்த வாலிபனும் இவற்றை ஜாதகத்தில் எழுதிக்கொண்டு பிறப்பதில்லை. சராசரி என்பது கூட்டத்தைப் பற்றிய செய்தி. தனி மனிதர்மீது அளித்த தீர்ப்பு அல்ல. இதையொட்டித்தான், ஆண் பெண் என்று பார்த்து இன்ஷியூரன்ஸ் கட்டணம் விதிக்கக் கூடாதென்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011-இல் தீர்ப்புக் கூறியது.

ஆனால் வயது விஷயத்தில் நம் சட்டம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்குப் பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மைனர் பையன் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்று வருஷம் வரை சிறைவாசமும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பையனுக்கு 25 வயது வரை லைஸென்ஸ் கிடையாது.

சர்க்காரிடம் நாம் கேட்பது ஒன்று: மாண்டவர்களை எண்ணுவதோடு நிற்காமல், யார் எவ்வளவு தூரம், எந்த நேரத்தில் ஓட்டுகிறார்கள் என்பதையும் எண்ணிப் பிரசுரிக்க வேண்டும். பெற்றோர்களிடம் கேட்பதும் ஒன்றுதான். வண்டி ஓட்டும் வயது வந்த பெண்ணைப் பின்னால் உட்கார வைத்து, அந்த வயது வராத பிள்ளையிடம் அவளுடைய உயிரையும் ஒப்படைப்பதற்குப் பெயர் ஜாக்கிரதையா? பெண்ணுக்கு முறைப்படி பழக்கி, லைஸென்ஸும் ஹெல்மெட்டும் வாங்கிக் கொடுங்கள். பையனுக்கும் அப்படியே, ஆனால் தை பிறந்த பிறகு.

அதுவரை சாவி அப்பாவின் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.