காசு சேர்ந்தால்தான் காடா?

ஒரு லட்சம் ரூபா கையில் இல்லாமல் மலையில் ஓர் இரவு தங்க முடியாதென்று எங்கள் கலஹாப் பிள்ளைகள் நம்பத் தொடங்கியிருக்கிறார்கள். போன வாரம் அக்காவின் மகன் தன் போனில் ஒரு பட்டியலைக் காட்டினான். வெளிநாட்டு ஹமொக், அதை மரத்தில் கட்டத் தனிப் பட்டி, தனி நுளம்பு வலை, தனிக் கூரைத் துணி, அடியில் தொங்கவிட இறகு அடைத்த மெத்தை, மடக்கு அடுப்பு, நெற்றி விளக்கு. "எல்லாம் சேர்ந்த பொறகுதான் மாமா போகணும், இல்லாட்டி சும்மா கஷ்டப்படணும்" என்றான். இரண்டு வருசமாகச் சேர்க்கிறான். அவன் தினமும் பேராதனைக்கு ஏறும் பஸ் ஹந்தானை மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டித்தான் போகிறது. அந்த மலையில் அவன் இன்னும் ஓர் இரவு கூடப் படுக்கவில்லை. சாமான் வந்து சேரவில்லையாம்.

அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பட்டியல் மேல்தான் கோபம். தோட்டத்தில் 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் 74 முழுப் பேர் போட்டாலும் ஒரு லட்சத்துக்கு 100 ரூபா குறையும். எழுபத்து நான்கு நாள் ஒரு தாய் மலையேறிக் கொழுந்து கிள்ளி, ஒரு சதமும் செலவழிக்காமல் வைத்தால் மகன் இரண்டு மரத்துக்கு நடுவே படுக்கலாம். இதைக் கேட்டு யாருக்கும் வாய் கசக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லயத்தில் பிறந்தவர்களைக் கேட்கிறேன். உங்களில் யார் தொட்டிலில் தூங்காதவர்? அம்மாவின் பழைய சேலை, கூரை வளையில் ஒரு கட்டு, அவ்வளவுதான் சாமான். பிள்ளைக்காம்பராவுக்குப் போனால் அதே சேலைகள் வரிசையாகத் தொங்கின. கீழே தரை ஈரமாக இருந்தாலும், பூரான் ஓடினாலும் பிள்ளை மேலே நிம்மதியாகத் தூங்கியது. தொட்டில் ஒரு வளையில் தொங்குகிறது, ஹமொக் இரண்டு மரத்தில் தொங்குகிறது. துணி, முனையில் கட்டு, உறுதியான பிடிமானம் என்ற மூன்றும் இரண்டுக்கும் பொது. அந்த மூன்றையும் எங்கள் தாய்மார் எழுதப் படிக்கத் தெரியாமலே அறிந்திருந்தார்கள். பிள்ளையின் பாரத்துக்கு எந்தச் சேலை தாங்கும், எது நைந்துபோனது என்று விரலால் தடவிச் சொல்வார்கள். அந்த அறிவை மதிக்காதவர்கள்தான் இன்று விலைச்சீட்டு ஒட்டிய துணியை மதிக்கிறார்கள்.

ஹமொக்கின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். 1492இல் கொலம்பஸ் பஹாமாத் தீவுகளில் இறங்கியபோது அங்கிருந்த மக்கள் பருத்தி நூலில் பின்னிய தொங்கு படுக்கையில் படுத்திருந்தார்கள். 1597இல் பிரித்தானியக் கடற்படை அதைத் தன் மாலுமிகளுக்கு எடுத்துக்கொண்டது. தளபதிக்கு மரக்கட்டில், கூலிக்கு வந்த மாலுமிக்குத் துணி. வியட்நாம் போரில் ஹோ சி மின் பாதையில் நடந்த சிப்பாய்கள் அதைச் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டு போனார்கள். பிறந்த நாள் முதல் இது இல்லாதவர்களின் படுக்கை. எங்கள் லயத்துத் தொட்டிலும் அப்படியே. இதைப் பணக்காரர் விளையாட்டென்று எங்கள் பிள்ளைகளை நம்பவைத்தவர்கள் வெட்கப்பட வேண்டும்.

"மாமா, தொட்டில் பிள்ளைக்கு, நான் அறுபது கிலோ" என்றான் அவன். சரி, அறுபது கிலோவுக்கே கணக்குப் பார்ப்போம். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்து தொங்கினால் ஒவ்வொரு பக்கத்துக் கயிற்றிலும் விழும் இழுவை ஏறக்குறைய ஓர் ஆளின் பாரம், அதாவது 60 கிலோ. நேராகப் படுக்க வேண்டுமென்று துணி காயப்போடும் கொடியைப் போல இழுத்துக் கட்டி, சரிவை 10 பாகையாக்கினால் அதே ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 173 கிலோ இழுக்கும். விலையுயர்ந்த பட்டியையும் அறுப்பது அந்த இழுப்புத்தான். தொய்வாகக் கட்டி, துணியில் நேர்நீளத்துக்குப் படுக்காமல் குறுக்காகச் சாய்ந்து படுத்தால் முதுகு நிமிர்ந்துவிடும். எந்தத் தாய் தொட்டிலை இறுக்கி இழுத்துக் கட்டினாள்? தொய்வில்தான் சுகம் என்பது அவளுக்குத் தெரியும்.

பட்டியலில் இல்லாத சாமானைச் சொல்கிறேன். தையற்கடையில் கிடைக்கும் உறுதியான பரசூட் துணி பதினொரு அடி. இரண்டு முனையையும் கொசுவி மடித்து, கயிற்றால் பல சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினால் ஹமொக் தயார். மரத்தைச் சுற்ற வெறும் கயிறு வேண்டாம். அது பட்டையை அறுத்து மரத்தைக் கொல்லும். பழைய வாகனச் சாமான் கடையில் கழற்றிப் போட்ட சீட் பெல்ட் கிடைக்கும். வெயிலில் வெளுக்காத, ஓரம் பிய்யாத ஒன்றாகப் பொறுக்குங்கள். முதல் தடவை தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் கட்டாதீர்கள். மெதுவாக உட்கார்ந்து பாரத்தைச் சோதித்த பிறகே காலைத் தூக்குங்கள். பழைய சேலையில் பெரிய ஆள் படுக்க வேண்டாம். நைந்த துணி நடு இரவில் கிழியும்.

அடுத்தது குளிர். இங்கேதான் பட்டியல்காரர்கள் அதிகம் பயமுறுத்துகிறார்கள். ஹமொக்கில் படுப்பவனுக்குக் குளிர் கீழிருந்து வருகிறது. எத்தனை விலை கொடுத்த தூக்க உறையானாலும் முதுகின் கீழ் நசுங்கிப் போனால் சூடு பிடிக்காது, அடியில் காற்றும் ஓடுகிறது. அதனால் நசுங்காத ஒன்று முதுகின் கீழ் வேண்டும். மெல்லிய ஃபோம் பாய் போதும். அதுவும் இல்லையென்றால் காய்ந்த கடதாசி அட்டை, அதன் மேல் கம்பளி. தோட்டங்கள் அந்தக் காலத்தில் எங்கள் பாட்டன்மாருக்குக் கம்பளி கொடுத்துச் சம்பளக் கணக்கில் பிடித்துக்கொண்டன. மழையில் அதைத் தலையில் போட்டுக்கொண்டு மலைக்குப் போனார்கள், இரவில் அதையே விரித்துப் படுத்தார்கள். மேலே மழைக்கு ஒரு தறப்பாள். தறப்பாளின் கீழ் தூங்குவது எப்படியென்று எங்கள் மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி மாவட்டத்து மலைகளைச் சரித்துப் போட்ட பிறகு எத்தனை குடும்பங்கள் தறப்பாளின் கீழ் படுத்தன! உறுதியான வீடு கேட்டுத் தலைமுறை தலைமுறையாக நிற்கும் மக்கள் இவர்கள். விரும்பி ஓர் இரவு வெளியே படுக்க மட்டும் இவர்களுக்கு வெளிநாட்டுத் துணி வேண்டுமாம்.

அந்தப் புயலைச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். உயிரைக் காப்பது இடத்தெரிவு. அதைக் கடையில் விற்பதில்லை. மண் வெடித்த சரிவில், புதிதாக ஊற்றெடுத்த கரையில், ஓடையின் ஓரத்தில் கட்டாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாளில் வீட்டை விட்டு நகராதீர்கள். கட்டும் முன் அண்ணாந்து பாருங்கள், காய்ந்த கிளை தொங்கும் மரம் வேண்டாம். கிரவீலியாவின் கிளை எளிதில் முறியும். இடி இடிக்கும் ஐப்பசி, சித்திரை மாலைகளில் தனி மரத்தை நாடாதீர்கள். தை பிற்பாதி முதல் மாசி முடியும் வரை மழை குறைவு, புதியவர்களுக்கு அதுவே காலம். அட்டைக்குப் பயப்படுபவர்கள் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போகலாம். படுத்த பிறகு தரையில் ஊரும் அட்டை தொங்கும் துணிக்கு எளிதில் வராது. எங்கள் ஊரில் கூடாரம் போடச் சமநிலம் எங்கே இருக்கிறது? சரிவுக்குப் பொருத்தமான படுக்கை இதுதான். இவ்வளவையும் பட்டியலில் ஒரு வரியாவது சொல்கிறதா?

பெரிய சாமானோடு வருபவர்கள் காட்டை எப்படி விட்டுப் போகிறார்கள் என்பதையும் பேச வேண்டும். ஹந்தானை 2010இல் சூழல் பாதுகாப்புப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. வறண்ட காலத்தில் அந்தப் புல்வெளி எரிவதைக் கண்டியில் இருந்தே பார்க்கலாம். அணைக்காத நெருப்பும், போத்தலும், பொலித்தீனும் ஏழைப் பையன் கொண்டுபோனவையா? நக்கிள்ஸ் போன்ற காடுகளுக்கு வனபரிபாலனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், வாங்கிக்கொண்டு போங்கள். அந்தச் சட்டத்தில் எனக்குப் பிணக்கில்லை. தோட்டத்து மலையில் நடக்கும் பாரபட்சத்தில்தான் பிணக்கு. வெளிநாட்டுக்காரர் முதுகுப் பையோடு வந்தால் வழி காட்டுகிறார்கள். அதே மலையில் கொழுந்து கிள்ளும் பெண்ணின் மகன் ஏறினால் வாட்சர் விசில் அடிக்கிறார். பட்டியல் செய்யும் வேலையும் வாட்சர் செய்யும் வேலையும் ஒன்றே. இரண்டும் எங்கள் பிள்ளையை மலையிலிருந்து இறக்குகின்றன.

இன்னொரு பேச்சும் இருக்கிறது. காட்டில் படுப்பது நம்ம ஆட்களுக்கு எதற்கு, அது வெள்ளைக்காரன் பழக்கம் என்று பெரியவர்களே சொல்கிறார்கள். தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பேசும் பேச்சா இது? அந்தப் பாதையில் வெறுந்தரையில் படுத்தவர்களில் பலர் எழுந்திருக்கவே இல்லை. அதைச் சுகமான கதையாக்க நான் வரவில்லை. 2023இல் அதே பாதையில் எங்கள் மக்கள் நினைவு நடை நடந்தார்கள். கட்டாயத்தில் பாட்டன் படுத்த மண்ணில் பேரன் தன் விருப்பத்தோடு படுக்க உரிமை உண்டு. அந்த உரிமைக்கு ஒரு லட்சம் ரூபா நுழைவுச்சீட்டு யார் வைத்தது?

சாமான் வந்த பிறகே தொடக்கம் என்பவர்களை நான் லூல்கந்தூரவுக்கு அழைக்கிறேன். கலஹாவிலிருந்து தெல்தோட்டைப் பக்கமாகப் போனால் வரும் தோட்டம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். தொழிற்சாலை என்று ஒன்றும் இல்லை. பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கொழுந்தைக் கையால் உருட்டினார்கள், மண் அடுப்பில் கரி போட்டுக் காய வைத்தார்கள். இந்த நாட்டின் தேயிலைத் தொழில் அப்படித்தான் எழுந்தது. இயந்திரம் கப்பலில் வரட்டும் என்று அன்று உட்கார்ந்திருந்தால் இன்று கலஹாவில் ஒரு செடி இருக்காது. ஒரு துணியும் இரண்டு பட்டியும் வைத்துக்கொண்டு ஒருவன் மரத்தடிக்குப் போவதை ஏன் இத்தனை பேர் தள்ளிப்போடச் சொல்கிறார்கள்?

கலஹாவிலும் தெல்தோட்டையிலும் இதைப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்கிறேன். அந்தப் பட்டியலை அழித்துவிடுங்கள். வருகிற போயா விடுமுறைக்கு முதல் நாள் துணியை வாங்கிக் கட்டுங்கள். முதல் இரவை வீட்டுப் பின்பக்கத்துப் பலா மரத்தடியில் கழியுங்கள், குளிரினால் உள்ளே ஓடிவரக் கதவு பக்கத்திலேயே இருக்கும். அடுத்ததாக, தெரிந்தவர் காணியில் கேட்டுப் படுங்கள். அதற்குப் பிறகு அனுமதி எடுத்துக்கொண்டு, தனியாகப் போகாமல் நாலு பேராகக் காட்டுக்குப் போங்கள். போகும் இடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கட்டுப் போடுவதில் சந்தேகம் வந்தால் லயத்தில் பிள்ளை வளர்த்த எந்த அம்மாவையும் கூப்பிடுங்கள். வந்து கட்டிக் காட்டுவார்.